ஒன்பதாம் அத்தியாயம்: சருமப் பராமரிப்பில் ஒளியின் பிரயோகம்

ஒளிச் சிகிச்சை என்னும் ஒரே பெயரின் கீழ் இன்று மூன்று வெவ்வேறு காரியங்கள் நடைபெற்று வருகின்றன. அவற்றை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளாதவர், தாம் கையாளும் கருவியால் எது ஆகும், எது ஆகாது என்பதை ஒருநாளும் நிச்சயிக்க மாட்டார். வெண்புள்ளி, சோரியாசிஸ் முதலிய நோய்களுக்கு ஆஸ்பத்திரிகளில் புறஊதாக் கிரணங்களைக் கொண்டு செய்யும் சிகிச்சை ஒன்று. உரோமம் நீக்கவும் கறுத்த புள்ளிகளை அகற்றவும், லேசராலோ ஐ.பி.எல். என்னும் மின்வெட்டு ஒளியாலோ, சருமத்துக்குள் கணநேரம் கடும் உஷ்ணத்தை உண்டாக்கிச் செய்வது மற்றொன்று. சுடாமலும் எரிக்காமலும், கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியையும் செவ்வொளியையும், சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள அகச்சிவப்பையும், எல்.இ.டி. விளக்குகளின் மூலம் முகத்தின்மேல் மிதமாகப் பாய்ச்சுவது மூன்றாவது. முன்னிரண்டும் சரும வைத்தியரின் கைக்கு உரியவை. அழகு நிலையத்தில் பயிற்சி பெற்றோர் தாமே நடத்தக்கூடியது மூன்றாவது ஒன்றுதான். ஆகவே இவ்வத்தியாயம் பெரும்பாலும் அதனைப் பற்றியே பேசும். மற்றிரண்டையும் எல்லை காட்டும் அளவுக்கு மட்டும் தொட்டுச் செல்லும்.

ஒளியை மருந்தைப்போல் அளந்து கொடுக்கலாம் என்பதை உலகத்தார் ஒப்பும்படி நிரூபித்தவர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன் என்பவர். 1860இல் ஃபாரோ தீவுகளில் பிறந்து, கோபன்ஹேகனில் வைத்தியம் பயின்று, தாமே தீராத நோயாளியாயிருந்த இவர், வெயிலில் இருக்கையில் தம் தேகத்துக்கு உண்டாகும் தெம்பின் காரணத்தைத் தேடப் புகுந்து, அந்தத் தேட்டத்தையே தம் வாழ்நாள் தொழிலாக்கிக்கொண்டார். அக்காலத்து ஐரோப்பாவில் மூக்கையும் கன்னத்தையும் அரித்து மனிதரை வெளியில் தலைகாட்டவொட்டாமல் செய்துவந்த லூபஸ் வல்காரிஸ் என்னும் சரும க்ஷயரோகத்துக்கு, மின்சாரக் கரிவிளக்கின் ஒளியை வில்லைகளால் குவித்துச் செலுத்தினார். உஷ்ணம் தோலைச் சுட்டுவிடாதபடி அவ்வொளி வரும் வழியிலே குளிர்ந்த நீரை நிறுத்தினார். இரத்தம் ஒளியை உறிஞ்சிவிடும் என்பதை உணர்ந்து, படிகக் கல்லினால் அவ்விடத்தை அழுத்தி இரத்தத்தை விலக்கிப் பிடிக்க ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் ஒரு தாதியை அமர்த்தினார். 1896இல் அவர் பெயரால் கோபன்ஹேகனில் ஒளி வைத்தியசாலை எழுந்தது. டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்து சென்ற அலெக்ஸாண்டிரா அம்மையார் 1900இல் அக்கருவியை லண்டன் ஆஸ்பத்திரிக்கு வருவித்தார். 1903இல் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது; மறு வருஷமே, 43 வயதில், அவர் காலமானார்.

இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நுண்கிருமிகளைக் கொன்றவை புறஊதாக் கிரணங்களே என்று ஃபின்சனும் அவருக்குப் பின் வந்தோரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஆனால் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் அந்தப் பழைய கருவிகளை எடுத்துச் சோதித்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, 340 நானோமீட்டருக்குக் குறைந்த புறஊதாக் கிரணம் அவ்வில்லைகளைக் கடந்து வெளிவரவே இல்லை. அப்படியானால் நோயைக் குணப்படுத்தியது எது? க்ஷயக் கிருமி தனக்குள் உற்பத்தி செய்துகொள்ளும் போர்ஃபைரின் என்னும் நிறப்பொருள், நீலத்தை ஒட்டிய ஒளியை ஏற்று, அக்கிருமிக்கே நஞ்சாக மாறியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட விளக்கம். இன்று முகப்பருவுக்கு நீல விளக்கைப் பிடிக்கும்போது நாம் நம்பியிருப்பதும் இதே போர்ஃபைரினைத்தான்.

ஒளியோடு மருந்தையும் கூட்டுவிப்பது இன்னும் புராதனமான உபாயம். நம் நாட்டுக் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் செய்வது வெண்புள்ளிக்குப் பழைய சிகிச்சை. எகிப்திலும் அம்மி என்னும் செடியின் விதையை இதற்கே பயன்படுத்தினர். 1940களில் கெய்ரோவில் அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்த சோரலென் என்ற வஸ்துவைக் கொண்டு எல் மோஃப்தி என்னும் வைத்தியர் செய்த பரீட்சைகளே, பிற்காலத்தில் புவா என்று வழங்கும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு அடிகோலின. சோரலென் படிந்த தோலில் புறஊதாக் கிரணம் பட்டால், சாதாரணமாகச் சிவக்கக்கூடிய இடம் கொப்பளிக்கும். ஸ்நானப் பொடி அரைக்கும் வீடுகளில் பூலாங்கிழங்கோடும் கஸ்தூரி மஞ்சளோடும் கார்போக அரிசியும் சேருவது வழக்கமாதலாலும், எலுமிச்சம் தோலிலும் இதே இனத்து வஸ்துக்கள் இருப்பதாலும், முந்தின நாள் முகத்துக்கு என்ன பூசினார் என்று வாடிக்கைக்காரரை விசாரிக்காமல் எந்த விளக்கையும் ஏற்றலாகாது. எல்.இ.டி. விளக்கில் புறஊதா இல்லை என்பது மெய். ஆனால் நிலையத்தை விட்டு இறங்கியவுடன் அவர் தலைக்கு மேலிருக்கும் சூரியனிடத்தில் அது நிரம்ப உண்டு.

நீல ஒளியின் காரியத்தை இப்போது பார்ப்போம். எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற நுண்கிருமி போர்ஃபைரினைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அப்போர்ஃபைரின் மிகுதியாக உறிஞ்சும் ஒளி 405 முதல் 415 நானோமீட்டர் வரையிலுள்ளது, அதாவது நீலத்தைவிட ஊதாவை அடுத்தது. அதனை உறிஞ்சியவுடன் உண்டாகும் வீரியம் மிக்க ஆக்ஸிஜன், கிருமியை உள்ளிருந்தே அழிக்கிறது. ஆயினும் நீலம் தோலுக்குள் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிச் செல்வது அரிதாகையால், சிவந்து வீங்கிய சிறு பருக்களுக்கு அது உதவுமே தவிர, ஆழத்தில் கட்டிபோல் இறுகிய பருக்களுக்கும், வீக்கமில்லாத கரும்புள்ளி, வெண்முனைப் பருக்களுக்கும் அதனால் ஆவது சொற்பம். சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் ஆழம் வரையிலும் செல்லும். கிருமியைக் கொல்லும் வல்லமை அதற்குக் குறைவு. வீக்கத்தைத் தணிப்பதே அதன் முக்கிய உபகாரம். 2000இல் பிரிட்டிஷ் சரும வைத்தியப் பத்திரிகையில் வெளியான ஒரு பரீட்சையில், 415 நானோமீட்டர் நீலத்தையும் 660 நானோமீட்டர் சிவப்பையும் சேர்த்து நாள்தோறும் 15 நிமிஷம் வீதம் 12 வாரம் பெற்றவர்களுக்கு, நீலம் மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் வீங்கிய பருக்கள் நன்றாகத் தணிந்தன. இரண்டையும் சேர்த்தோ மாற்றி மாற்றியோ கொடுக்கும் இக்கால வழக்கத்துக்கு அத்தகைய பரீட்சைகளே ஆதாரம்.

செவ்வொளியின் கீர்த்திக்கு மூலம் ஒரு தற்செயலான நிகழ்ச்சி. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்பவர், லேசர் ஒளியால் புற்றுநோய் உண்டாகுமா என்று அறியச் சுண்டெலிகளின் முதுகை மழித்து மெல்லிய சிவப்பு லேசரைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரமாக முளைத்தது. பின்னர் ஆறாத புண்களிலும் அவர் அதைப் பிரயோகித்துப் பார்த்தார். உயிரணுவுக்குள் சக்தி உற்பத்தியாகும் இடமாகிய மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு நொதி செவ்வொளியையும் அகச்சிவப்பையும் ஏற்று ஊக்கம் பெறுகிறது என்பதே இதற்குப் பெரும்பாலோர் கூறும் விளக்கம். 630 முதல் 660 வரையிலான சிவப்பும், 830ஐ ஒட்டிய அகச்சிவப்பும் மெல்லிய சுருக்கங்களுக்கும், லேசர் முதலிய கடுஞ்சிகிச்சைகளுக்குப் பின் தோன்றும் சிவப்பைத் தணிப்பதற்கும் பயன்படுகின்றன. மாற்றம் மிதமானது, அதை ‘பத்து வயது குறையும்’ என்று பலகையில் எழுதித் தொங்கவிடுவது பொய்.

மற்ற நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. கடைகளில் விற்கும் ஏழு வண்ண முகமூடிகளில் பெரும்பாலானவற்றில் ஏழு விதமான விளக்குகள் கிடையா. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றே உண்டு. சிவப்பையும் பச்சையையும் ஒருங்கே ஏற்றினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது மஞ்சளாகத் தோன்றுகிறது. ஆனால் சருமத்துக்குக் கண் இல்லையாகையால், அது பெறுவது கொஞ்சம் சிவப்பும் கொஞ்சம் பச்சையுமேயன்றி, 590 நானோமீட்டர் மஞ்சள் அன்று. அவ்வாறே அம்முகமூடிகளின் நீலம் பலவற்றில் 460, 470 என்ற அளவிலிருப்பது. போர்ஃபைரின் வேண்டுவதோ 415. கருவி வாங்கப் போகிறவர் விற்பனைக்காரரிடம் ‘எத்தனை வண்ணம்?’ என்று கேட்பதை விட்டு, ‘ஒவ்வொன்றும் எத்தனை நானோமீட்டர்?’ என்று கேட்க வேண்டும். விடை தெரியாமல் விழிக்கிறவரிடம் வாங்கலாகாது.

அடுத்த கேள்வி, இத்தொழிலில் நிறத்தைக் காட்டிலும் முக்கியமானது; ஆயினும் யாரும் கேட்பதில்லை. அது அளவு. மாத்திரையை மில்லிகிராமில் அளப்பது போல் இங்கே ஒளியை ஜூலில் அளக்கிறோம்: தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிவாட் ஒளி விழுகிறது என்பதை, விளக்கு எரியும் விநாடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், அச்சதுர சென்டிமீட்டர் பெற்ற ஜூல் வரும். பருவுக்கான ஆராய்ச்சிகளில் கண்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 415 நானோமீட்டர் நீல ஒளி 40 மில்லிவாட் வீதம் 20 நிமிஷம், அதாவது 1,200 விநாடி, விழுந்தால் 48 ஜூல். 633 நானோமீட்டர் சிவப்பு 80 மில்லிவாட் வீதம் அதே நேரம் விழுந்தால் 96 ஜூல். இவற்றை வாரத்துக்கு இரு அமர்வாக, ஓர் அமர்வில் நீலமும் மறு அமர்வில் சிவப்புமாக மாற்றி, நான்கு வாரம் கொடுப்பது நன்கு அறியப்பட்ட ஒரு முறை. இப்போது 5 மில்லிவாட் மட்டும் தரும் மலிவான முகமூடி ஒன்றை எண்ணிப் பாருங்கள். 20 நிமிஷத்தில் அது கொடுப்பது 6 ஜூல். 48 ஜூலை எட்ட வேண்டுமானால் வாடிக்கைக்காரர் 160 நிமிஷம் படுத்திருக்க வேண்டும். ‘எங்கள் நிலையத்திலும் இருபது நிமிஷந்தான், அவர்கள் நிலையத்திலும் இருபது நிமிஷந்தான்’ என்று சொல்வதில் ஒரு பொருளுமில்லை.

குறைந்தால் பயனில்லை என்பதனால் கூட்டினால் பயன் கூடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நாற்றங்காலில் நீர் வற்றினாலும் கேடு, தேங்கினாலும் கேடு. செவ்வொளியின் விஷயமும் அத்தகையதே. மிதமான அளவில் உயிரணுவை ஊக்கும் ஒளி, அளவு மிஞ்சும்போது ஊக்காமல் நிற்பதும், சில சமயம் தடுப்பதும் ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. தூரமும் அளவைச் சேர்ந்ததே. சிறிய விளக்கு ஒன்றிலிருந்து முகத்தை இருமடங்கு தள்ளி வைத்தால் விழும் ஒளி கால்பங்காகிவிடும். அகன்ற விளக்குப் பலகையில் அவ்வளவு சடுதியாகக் குறையாதெனினும் குறையாமலிராது. ஆகையால், தயாரிப்பாளர் எந்தத் தூரத்தில் அளந்து மில்லிவாட்டைக் குறித்தாரோ அந்தத் தூரத்தை ஒரு குச்சியில் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மூக்கு நுனிக்கும் பலகைக்கும் இடையே பிடித்துப் பார்ப்பது உத்தமம். ‘நூறு வாட், இருநூறு வாட்’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது கருவி தின்னும் மின்சாரத்தின் கணக்கு. முகத்தில் விழும் ஒளிக்கும் அதற்கும் நேரான சம்பந்தமில்லை.

இனி, நம்மவர் சருமத்தின் விஷயம். இச்சிகிச்சை பற்றிய நூல்களும் கருவிகளோடு வரும் குறிப்புகளும் பெரும்பாலும் வெள்ளையரின் சருமத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அமெரிக்கச் சரும வைத்தியர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தொடங்கி வைத்த வகுப்புமுறை, வெயிலில் எளிதில் சிவந்து கருகும் தோலை முதல் வகையாகவும், ஒருபோதும் சிவக்காத கருமைத் தோலை ஆறாம் வகையாகவும் கொள்கிறது. தமிழ் மக்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறாம் வகைகளில் அடங்குவர். டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரியினர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி, புறஊதா இல்லாத, கண்ணுக்குப் புலனாகும் வெறும் ஒளியே இவ்வகைத் தோல்களைக் கறுக்கச் செய்கிறதென்றும், வெண்தோலில் அவ்வாறு நிகழவில்லையென்றும் காட்டிற்று. 2014இல் பிரான்ஸ் தேசத்தவர் இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள்: 415 நானோமீட்டர் நீலம் மூன்றாம், நான்காம் வகைத் தோலில் மாதக்கணக்காக நீடிக்கும் கருமையை உண்டாக்கிற்று; 630 நானோமீட்டர் சிவப்பு உண்டாக்கவில்லை.

இதன் கருத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பருவைத் தணிக்கும் நீலமும், கருமையை உண்டாக்கும் நீலமும் வேறல்ல. இரண்டும் அதே 415தான். மாநிறத்தவருக்குப் பரு ஆறிய இடத்தில் கரிய தழும்பு விழுவது பருவைக் காட்டிலும் பெரிய மனக்குறை. அதை நீக்க வந்தவரைக் கருமையோடு திருப்பியனுப்பினால் நம் சாமர்த்தியம் எதற்கு? ஆகவே நான் சொல்வது இது: கன்னத்திலோ நெற்றியிலோ மங்கு உள்ளவருக்கு நீல ஒளியை அறவே விலக்குக. மங்கு இல்லாத மாநிறத்தவருக்குப் பருச் சிகிச்சையைச் சிவப்பில் தொடங்குக. நீலம் அவசியமென்று தோன்றினால், முதல் அமர்வில் தாடைக்குக் கீழ் ஓர் ஓரத்தில் ஐந்து நிமிஷம் காட்டி, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, கருமை தென்படாதபோதே முகத்துக்குக் கொண்டு வருக. வந்த பிறகும் முழு அளவுக்குப் படிப்படியாக ஏறுக. மங்கு உள்ளவருக்கு உஷ்ணமும் ஆகாது. தொட்டால் சுடும் பலகையை அவர் முகத்தருகே கொணரக் கூடாது. வெயிலில் போகையில் அவருக்குச் சாதாரண சன்ஸ்கிரீன் போதாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் தடுக்கவல்ல இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனையே சிபாரிசு செய்ய வேண்டும்.

விளக்கை ஏற்றுமுன் செய்யவேண்டிய விசாரணை, சிகிச்சையில் பாதி. ஆனால் விசாரிக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ‘அம்மா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால், பத்து வருஷமாக மாத்திரை விழுங்கிவரும் அம்மாளும் ‘அதெல்லாம் ஒன்றுமில்லையம்மா’ என்றுதான் சொல்வார். தினசரி மாத்திரை அவருக்குச் சாப்பாட்டில் சேர்ந்தது, மருந்தில் சேர்ந்ததன்று. ‘பிரஷருக்கு மாத்திரை உண்டா? எந்த மாத்திரை? பட்டையைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் விஷயம் வெளிவரும். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு, இருதயத் துடிப்புக்குரிய அமியோடரோன், பருவுக்கே வைத்தியர் எழுதித்தரும் டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாய்ன் ஆகிய இவை ஒளிக்குத் தோலை எளிதில் புண்படச் செய்யக்கூடியவை. இவற்றில் எது இருந்தாலும் எழுதிக்கொடுத்த வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது. போர்ஃபைரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர், லூபஸ் எரிதிமடோசஸ் நோயாளர், வெளிச்சம் பட்டாலே தடிப்பவர், விழித்திரை நோய் உள்ளவர் ஆகியோரை வைத்தியரிடம் அனுப்பிவிட வேண்டியதே. வலிப்பு நோய் உள்ளவருக்குத் துடித்துத் துடித்து எரியும் விளக்கு ஆகாது. முகத்தில் மாறிவரும் மச்சமோ ஆறாத புண்ணோ கண்டால், அதன்மேல் எந்த ஒளியையும் காட்டாமல் அன்றே வைத்தியரிடம் செல்லும்படி சொல்ல வேண்டும்.

இளம் பெண்களிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ‘தங்கச்சி, முகத்துக்கு மெடிக்கலில் ஏதாவது க்ரீம் வாங்கிப் பூசுகிறாயா?’ என்று மெல்ல விசாரித்தால், சிவப்பழகுக்கென்று அக்காளோ அத்தையோ சொன்ன ஒரு குழாயின் பெயர் வெளிவருவதுண்டு. ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாய்னும் கலந்த அத்தகைய களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்பதற்குத் தடை இருந்தும், வாங்குவோர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாதக்கணக்காக அதைப் பூசிய முகத்தில் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் பருவாய்ப் பொங்கும். அந்தப் பொங்கலைச் சாதாரணப் பரு என்று கருதி நீல விளக்கைப் பிடிப்பது பெருந்தவறு. அது சரும வைத்தியரின் கவனிப்புக்கு உரியது.

சிகிச்சையின் கிரமம் எளிது. முகத்தை மென்மையான கழுவியால் சுத்தி செய்து, மேக்கப்பும் சன்ஸ்கிரீனும் மிச்சமின்றிப் போக்க வேண்டும்; சன்ஸ்கிரீனிலுள்ள துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் ஆக்ஸைடும் ஒளியைத் திருப்பிவிடும். எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் துடைத்து உலர்த்த வேண்டும். கரும்புள்ளி எடுப்பதாயின் அதை முடித்த பிறகே விளக்கு; எடுத்ததனால் வந்த சிவப்பும் செவ்வொளியில் தணியும். ப்ளீச் செய்த அன்றும், முகத்தில் வேக்ஸிங் செய்த அன்றும், உரிப்பு அமிலம் பூசிய அன்றும் நீல ஒளி வேண்டாம். வாசனைத் தைலங்களை, முக்கியமாக எலுமிச்சை, பெர்கமாட் இனத்தவற்றை, அன்று தொடவே கூடாது. பிறகு கண் காப்பு. வாடிக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டாலே போதும் என்பது தவறு. நீல ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் இமையைக் கடந்து செல்லக்கூடியவை. அந்தந்த ஒளியை முழுதும் மறைக்கும் கண்மூடியை அணிவித்து, ஓரத்தில் இடுக்கு இல்லை என்பதைப் பார்த்து, அதன்பின் விசையைத் தட்ட வேண்டும். நாள் முழுதும் அவ்விளக்கோடு உழலும் சிகிச்சையாளருக்கும் தகுந்த கண்ணாடி வேண்டும். நிலையங்களில் பெரிதும் அலட்சியம் செய்யப்படுவது இதுவே. வாடிக்கைக்காரர் ஒருவர் வாரத்துக்கு நாற்பது நிமிஷம் அவ்வொளிக்கு ஆட்படுகிறார், பணிபுரியும் பெண்ணோ நாளைக்குப் பல மணி நேரம்.

விளக்கு அணைந்தபின் குளிர்ந்த நீரால் துடைத்து, வாசனையற்ற ஈரப்பசையும், பகற்பொழுதாயின் சன்ஸ்கிரீனும் பூசி அனுப்பலாம். இலேசான சிவப்பு சில மணி நேரத்தில் மறையும்; மறுநாளும் எரிச்சலோ கருமையோ இருந்தால் அடுத்த அமர்வை நிறுத்திவைக்க வேண்டும். பரு நான்கு வாரத்தில் தணியத் தொடங்கி, சிகிச்சை முடிந்த பின்னரும் சில வாரங்கள் தணிந்துகொண்டே போவதுண்டு. சுருக்கத்துக்குச் செவ்வொளி கொடுப்பவர் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நிறுத்தினால் பரு மீளலாம் என்பதையும், ஒளி கிருமியைக் குறைக்கிறதேயன்றி எண்ணெய்ச் சுரப்பையோ சினைப்பைக் கோளாறையோ மாற்றுவதில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டால், பிற்பாடு வாக்குவாதம் எழாது. மாதவிலக்கு ஒழுங்கின்றி, தாடையை ஒட்டிப் பரு மிகுந்து, மேலுதட்டில் உரோமமும் தோன்றும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது வைத்தியப் பரிசோதனை.

வீட்டு உபயோக முகமூடிகளைப் பற்றி வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். 2019இல் அமெரிக்காவில் பரவலாக விற்றுவந்த நீல, செவ்வொளி முகமூடி ஒன்று, சில கண்நோய் உள்ளவர்களுக்கும் ஒளியுணர்வை மிகுவிக்கும் மருந்து உண்பவர்களுக்கும் தீங்கு நேரக்கூடுமென்ற அச்சத்தால் தயாரிப்பாளராலேயே திரும்பப் பெறப்பட்டது. முன்சொன்ன விசாரணைகளை வீட்டில் யாரும் செய்வதில்லை என்பதே அங்குள்ள அபாயம். ஐ.பி.எல். கருவியை ‘இதுவும் லைட்தான்’ என்று சொல்லி நிலையத்துக்கு விற்க வருவோரிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உரோமத்தின் கருமையைத் தேடிச் சென்று சுடுவது அதன் தொழில்; மாநிறத் தோலில் உரோமத்துக்கும் தோலுக்கும் அது பேதம் காண்பதில்லை. அவ்வாறு சுட்ட இடத்தில் கட்டம் கட்டமாகக் கருமை படிந்து மாதக்கணக்காக நிற்கும். கருமைத் தோலில் உரோமம் நீக்க 1,064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைச் சரும வைத்தியர் தேர்ந்தெடுப்பது இக்காரணத்தாலேயே. உடம்பைப் பழுப்பாக்கும் புறஊதாப் படுக்கைகளை உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2009இல் மனிதருக்குப் புற்று உண்டாக்குவன என்னும் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. நல்ல வேளையாக நம் ஊரில் அவற்றுக்குக் கிராக்கி இல்லை.

எஞ்சியிருப்பது கருவியின் பராமரிப்பும் குறிப்பேடும். ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, ஒளியின் நானோமீட்டர், தூரம், நிமிஷம், கணக்கிட்ட ஜூல், அன்று சொன்ன மருந்துகள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். முகத்தைப் படமெடுப்பதானால் ஒரே சுவர், ஒரே விளக்கு, ஒரே தூரம் என்று நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். ஜன்னலோரத்தில் ஒருநாளும் டியூப்லைட்டின் கீழ் ஒருநாளும் எடுத்த படங்களை ஒப்பிடுவதில் பயன் இல்லை. எல்.இ.டி. விளக்குகள் அணைந்து போவதில்லையே தவிர, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கிவிடும். பலகையின்மேல் படியும் தூசியும் தைலப் புகையும் இன்னும் சீக்கிரமாக மங்கவைக்கும். கைப்பேசியிலுள்ள வெளிச்சமானியை நம்பி இதை அளக்க முயல்வது வீண், ஏனெனில் அது மனிதக் கண்ணின் உணர்ச்சிக்கேற்ப அளப்பதாகையால் 415 நானோமீட்டர் நீலத்தை ஏறக்குறைய இருளென்றே காட்டும், 830 நானோமீட்டர் அகச்சிவப்பை முற்றிலும் இருளென்றே காட்டும். அந்தந்த அலைநீளத்துக்கு உரிய ஒளியளவியை வைத்திருக்கும் விற்பனை நிறுவனத்தாரைக் கொண்டு ஆறு மாதத்துக்கொருமுறை மில்லிவாட்டை அளப்பித்து, குறைந்திருந்தால் நிமிஷங்களை அதற்கேற்பத் திருத்திக் கணக்கிட்டு, புதிய எண்ணையும் அளந்த தேதியையும் பலகையின் பின்புறத்திலேயே எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.